மனைவியின் பிறந்தநாளுக்குச் செயின் வாங்கப் போகிறீர்களா?

நகைக்கடையில் ஓர் ஆண் தனியாகப் போய் உட்கார்ந்தால் விற்பனையாளர் முதலில் கேட்பது, "எத்தனை சவரன்ல பாக்குறீங்க சார்?" என்பதைத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அதுதான் வசதி. ஆனால் பதில் சொன்ன நிமிடத்திலிருந்து எல்லாம் எடையை வைத்தே நடக்கும். ஒரு சவரன் தட்டு வரும், அப்புறம் ஒன்றரை சவரன் தட்டு வரும், கூடவே ஒரு கூல்டிரிங்க்ஸும் வரும். கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். பிறந்தநாளன்று அது ஒரு முறை கழுத்தில் ஏறும். அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்றால்தான் பீரோவைவிட்டு வெளியே வரும்.

பீரோவுக்கு நகை சேர்ப்பது தப்பில்லை. அது சேமிப்பு, அதன் கணக்கு வேறு. பிறந்தநாள் பரிசு என்றால் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகம் போகும்போதும் அவர் கழுத்தில் கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு எப்படித் தேர்ந்தெடுப்பது, கடையில் எதைக் கேட்பது, பில்லில் எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதன்முறையாகத் தனியாக நகை வாங்கப் போகிற கணவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். காதலிக்கோ கணவருக்கோ வாங்குகிறவர்களுக்கும் நடுவில் சில வரிகள் உண்டு.

கடைக்குப் போகும் முன் கழுத்தைக் கவனியுங்கள்

பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் வேலை, அவர் கழுத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. தாலியைச் செயினில் கோத்துப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 24 முதல் 30 அங்குலம் வரை நீளமிருக்கும். நெஞ்சுவரை இறங்கி ஜாக்கெட்டுக்குள் கிடக்கும். நீங்கள் ஆசையாக 24 அங்குலத்தில் டாலர் வைத்த செயின் ஒன்றை வாங்கிக்கொடுத்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கும். டாலரும் தாலியும் இடித்துக்கொள்ளும், கண்ணிகள் பின்னிக்கொள்ளும், ராத்திரி படுக்கப் போகும்போது சிக்கெடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுவார். பிடிக்காமல் அல்ல, தொல்லை தாங்காமல்.

அதனால் தாலிச் செயின் போடுகிறவருக்கு இரண்டாவது செயின் குட்டையாக இருப்பதே நல்லது. 16 அங்குலம் கழுத்தடியை ஒட்டி நிற்கும். ஒல்லியான கழுத்துக்கு அழகு, சற்றுப் பூசின உடம்புக்கு இறுக்கமாகத் தெரியும். 18 அங்குலம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே விழும். எதுவும் தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய அளவு இதுதான். 20, 22 அங்குலம் இன்னும் கீழே இறங்கும். தாலிக்கயிற்றை மட்டும் போடுகிறவருக்கும், தாலியைத் தினமும் போடாதவருக்கும், கல்யாணம் ஆகாதவருக்கும் அந்த நீளம் சரிப்படும்.

அளவெடுப்பது எப்படி? அவர் குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கிற செயின் ஏதாவது இருந்தால் அதை நேராக நீட்டி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொக்கியையும் சேர்த்து நூலால் அளந்து அந்த நூலைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபடியே ஆணியில் தொங்கவிட்டு அளந்தால் வருவது பாதி நீளம்தான். 9 அங்குலம் தொங்கினால் அது 18 அங்குலச் செயின். அதற்கும் வாய்ப்பில்லை என்றால், 16, 17, 18 மூன்றிலும் மாட்டிக்கொள்ள வளையம் வைத்த செயின் கிடைக்கிறது. கடையில் கேட்டால் தருவார்கள்.

அடுத்தது உங்கள் கைபேசியில் இருக்கும் படங்கள். போன வருடப் படங்களில் கல்யாண வீட்டுப் படங்களை ஒதுக்கிவிட்டுச் சாதாரண நாளில் எடுத்தவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் என்ன இருக்கிறது? மெல்லிசா, பட்டையா? மஞ்சள் தங்கமா, ரோஸ் கோல்டா, வெள்ளியா? ஒன்றுமே இல்லையா? காதில் சின்னப் பொட்டுக் கம்மல் போடுகிறவருக்கு அகலமான நெக்லஸ் வாங்கிக்கொடுத்தால் அது நம் ஆசையாகத்தான் இருக்கும், அவர் ஆசையாக இருக்காது.

அவர் நாள் எப்படிப் போகிறது என்பதையும் யோசியுங்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க அடையாள அட்டை தொங்கும் கழுத்து என்றால் அந்த நாடா மெல்லிய செயினோடு உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கெட்டியான பின்னல் வேண்டும். இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் நூல் போன்ற செயின் ஒரு இழுப்பில் போய்விடும். வண்டியில் தனியாகப் போய்வருகிறவர் என்றால் செயின் பறிப்புப் பயமும் இருக்கும். பட்டையாகத் தொங்குகிற செயினை அவரே வெளியில் போடமாட்டார். துப்பட்டாவுக்குள் அடங்குகிற குட்டைச் செயினைத்தான் தைரியமாகப் போட முடியும்.

யாரிடமாவது கேட்டே ஆக வேண்டுமா? மச்சினியிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் வேண்டாம். அவர் மூன்று சவரன் என்பார், சேதியும் அன்று சாயங்காலமே சமையலறை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

செயினும் டாலரும், அல்லது நெக்லஸ்

கழுத்து நகை என்று போனால் அட்டிகை, நெக்லஸ், ஆரம், காசுமாலை, மாங்காய் மாலை என்று கடை முழுக்கக் காட்டுவார்கள். எல்லாமே அழகுதான், எல்லாமே பட்டுப்புடவைக்கு. தினமும் போட என்றால் செயினும் டாலரும்தான். டாலரை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், செயினைத் தனியாகவும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை: செயினின் கொக்கி டாலரின் வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும். நுழையாவிட்டால் டாலரைக் கழற்ற ஒவ்வொரு முறையும் ஆசாரியிடம் போக வேண்டியிருக்கும். கடையிலேயே கோத்துப் பாருங்கள்.

செயின் பின்னல்களில் எனக்குப் பிடித்தது கோதுமைச் செயின். கோதுமைக் கதிர் மாதிரி பின்னல். வளைந்து கொடுக்கும், சீக்கிரம் அறாது. முறுக்குச் செயின் பளபளப்பாகத் தெரியும். சாதாரண வளையக் கண்ணிச் செயின் பார்க்க எளிமை, அறுந்தாலும் பற்றவைப்பது சுலபம். ஸ்நேக் செயின் என்று வழவழப்பாக ஒன்று வரும்; தட்டில் மயக்கும், ஆனால் ஒரு முறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பு நிமிராது. தூங்கும்போதும் கழற்றாதவருக்கு அது ஆகாது.

எந்தப் பின்னலாக இருந்தாலும் ஒரு சோதனை உண்டு. உங்கள் கைக்குட்டையை மேசையில் விரித்து, செயினை அதன்மேல் வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி நூலைப் பிடித்து இழுத்தால் நாளை பின்கழுத்து முடியையும் பிடித்து இழுக்கும். தலைமுடியில் மாட்டுகிற செயினை எந்தப் பெண்ணும் இரண்டாவது வாரம் போடமாட்டார். விற்பனையாளர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அப்புறம் "இது ஹாலோவா, சாலிடா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உள்ளே கூடாக இருக்கும் ஹாலோ செயின் குறைந்த எடையில் பட்டையாகத் தெரியும். விலைக்கு நல்ல தோற்றம்தான், ஆனால் நசுங்கினால் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். எப்போதாவது போடுவதற்குச் சரி. தினமும் போட என்றால் மெல்லியதாக இருந்தாலும் சாலிட் எடுங்கள். 18 அங்குலச் செயின் 4 முதல் 6 கிராமுக்குள் இருந்தால் தினப்பாட்டுக்குத் தாங்கும். 3 கிராமுக்குக் கீழே போய் அதில் டாலரையும் தொங்கவிட்டால் ரிஸ்க். டாலர் செயினைவிடக் கனமாக இருக்கக்கூடாது. ஒன்றரை, இரண்டு கிராம் போதும்.

டாலரில் என்ன உருவம்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாமி டாலர் பத்திரமான தேர்வு போலத் தெரியும். ஆனால் சில வீடுகளில் சில நாட்களில் அதைக் கழற்றி வைப்பார்கள். அசைவம் சாப்பிடும்போது கழற்றுகிறவர்களும் உண்டு. அவர் எப்படி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நீலக்கல், வைரம் இரண்டையும் "எல்லாருக்கும் ஒத்துவராது" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், கழுத்து உங்களுடையது இல்லையே. முதலெழுத்து வைத்த டாலர் என்றால் அவருடைய எழுத்தை வையுங்கள். பிறந்தநாள் அவருக்குத்தான். தமிழ் எழுத்திலேயே ஆர்டர் கொடுத்துச் செய்யலாம். அதற்குத்தான் ஒரு மாதம் முன்பே ஆரம்பிக்கச் சொன்னேன்.

கல் வைத்த டாலர் என்றால், கல்லைப் பிடித்திருக்கும் சின்ன நகங்களின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் கீறினால் துணியிலும் மாட்டும். வைர டாலர்களை 18 கேரட் தங்கத்தில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள், அது 22 கேரட்டைவிடக் கெட்டி என்பதால். வைரத்தின் எடையைக் கடைக்காரர்கள் சென்ட் கணக்கில் சொல்வார்கள்; 100 சென்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம். (இது எடைக் கேரட், தங்கத்தின் தரத்தைச் சொல்லும் கேரட் வேறு.) தரச்சான்று கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்றால் அதைப் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் நிறையத் தெரியும். திருப்பிக் கொடுத்தால் என்ன தருவார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பரதம் ஆடுகிறவர், கைத்தறிப் புடவை விரும்பி என்றால் வேறொரு வழி இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. சிவப்புக் கெம்புக்கல் பதித்து, வெள்ளியில் செய்து தங்கத் தகடு போர்த்திய வேலை. தினமும் போடுகிற நகை இல்லை என்றாலும், ஒருவரின் ரசனை தெரிந்து வாங்கியது என்று உடனே சொல்லிவிடும்.

கையில் இருப்பது குறைவு என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 925 வெள்ளியில் (1000 பங்கில் 925 பங்கு வெள்ளி) நல்ல செயினும் டாலரும் கிடைக்கின்றன. தங்கம்தான் வேண்டும் என்றால் 14 கேரட்டிலும் வருகிறது. 2025 ஜூலையிலிருந்து 9 கேரட்டுக்கும் ஹால்மார்க் வந்துவிட்டது. கவரிங் என்றால் சிதம்பரம் கவரிங்குக்கு ஊரெல்லாம் பேர். ஆனால் வியர்வையில் மேல்பூச்சு போகத்தான் செய்யும், அதைச் சொல்லியே கொடுங்கள். மட்டமான கலவை நகைகளில் நிக்கல் இருக்கும். கழுத்தில் அரிப்பு வருகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

காதலிக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: வீட்டில் "இது ஏது?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார் என்று யோசித்து வாங்குங்கள். ஒரு சவரன் தங்கத்துக்குக் கதை கட்டுவது கஷ்டம், வெள்ளிச் செயினுக்குக் கட்டிவிடலாம். கணவருக்கு வாங்குகிறவர்களுக்கு: 20 அல்லது 22 அங்குலம், டாலர் இல்லாமல், கெட்டிப் பின்னல். சட்டைக்குள் போட்டுக்கொள்வார், பிரச்சினை இல்லை.

விலை எப்படிப் போடுகிறார்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்குள் போகாதீர்கள். சவரன் என்றாலும் பவுன் என்றாலும் 8 கிராம். 22 கேரட் என்றால் 100 பங்கில் 91.6 பங்கு தங்கம், அதனால்தான் 916. அன்றைய கிராம் விலையை நகையின் எடையால் பெருக்கி, அதன்மேல் சேதாரம் (செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கான கணக்கு), செய்கூலி சேர்த்து, மொத்தத்துக்கு 3% ஜிஎஸ்டி போடுவார்கள். பல கடைகளில் சேதாரத்தையும் செய்கூலியையும் ஒன்றாக்கி விஏ (வேல்யூ அடிஷன்) என்று ஒரே சதவீதமாகச் சொல்கிறார்கள். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்கு வரி தனி. அது சில்லறைக் காசுதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது சேதாரம். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 8 கிராம் செயினுக்குத் தங்கத்தின் விலை மட்டும் 80,000. சேதாரம் 8% என்றால் 6,400 சேர்ந்து 86,400, ஜிஎஸ்டி 2,592, ஆகமொத்தம் 88,992. அதே எடையில் வேலைப்பாடு அதிகமான இன்னொரு செயினுக்குச் சேதாரம் 18% என்றால் ஜிஎஸ்டியோடு 97,232. ஒரே தங்கம், ஒரே எடை, வித்தியாசம் 8,240 ரூபாய். நாளை இந்த நகையை மாற்றப் போனால் சேதாரம் திரும்பி வராது. மெஷினில் பின்னிய சாதாரணச் செயினுக்குச் சேதாரம் குறைவு, ஆன்டிக் வேலை, கல் வேலைக்கு 20 சதவீதத்தையும் தாண்டும். அவருக்குப் பிடித்தது அதுதான் என்றால் வாங்குங்கள், என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

விளம்பரங்களையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். "கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி" என்பது பெரிதாகத் தெரியும். கிராம் 10,000 விற்கும்போது அது வெறும் 1%. "சேதாரத்தில் பாதி தள்ளுபடி" என்றால் எதில் பாதி? 24 சதவீதத்தில் பாதியும் 12 தான், பக்கத்துக் கடையில் தள்ளுபடி இல்லாமலே 12 இருக்கலாம். "தள்ளுபடி போகக் கடைசியா சேதாரம் எத்தனை பர்சன்ட்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கடைகளை ஒப்பிட முடியும். கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லியும் கேளுங்கள். சேதாரத்தில் குறைப்பது சகஜம், கேட்காதவருக்குத்தான் முழு விலை.

கல் வைத்த நகையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மொத்த எடை 12.500 கிராம், அதில் கல்லும் அரக்கும் 1.800 கிராம் என்றால் தங்கத்தின் நிகர எடை 10.700 தான். மொத்த எடைக்கே தங்க விலை போட்டுவிட்டால் 18,000 ரூபாய் சும்மா போகும். நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை மூன்றையும் பில்லில் தனித்தனியாகக் கேளுங்கள். 18 கேரட் நகைக்கு 18 கேரட் விலையைத்தான் போட வேண்டும். 22 கேரட் கிராம் 10,000 என்றால் 18 கேரட் ஏறத்தாழ 8,200 வரும்.

இந்த வருடப் பிறந்தநாள் முடிந்துவிட்டது, அடுத்ததற்குத்தான் என்றால் நகைச் சீட்டு இருக்கிறது. 11 மாதம் கட்டி முடித்தால் பல கடைகள் குறிப்பிட்ட அளவுவரை சேதாரம் போடுவதில்லை. எவ்வளவு சதவீதம்வரை, எந்த நகைகளுக்கு என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இது வங்கிச் சேமிப்பு இல்லை, கடைக்குக் கொடுக்கும் முன்பணம். ஆகவே நிலையான கடையாகப் பார்த்துச் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பணம் பற்றவில்லை என்று அவருடைய பழைய செயினை எடுத்துப்போய் மாற்றி, புதியதாகக் கொண்டுவந்து நீட்டும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது அவர் பாட்டி போட்டதாக இருக்கும். உருக்கிய பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

கடையில்

சென்னை என்றால் தி.நகர் உஸ்மான் சாலை, மதுரை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி, கோவை என்றால் ராஜ வீதிப் பக்கம் என்று ஒவ்வோர் ஊரிலும் கடைகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அதனால் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவது கஷ்டமில்லை. வார நாளில் காலையில் போங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய சனி ஞாயிறும் அட்சய திருதியையும் தனியாகப் போகும் ஆணுக்கான நாட்கள் அல்ல. உட்கார இடமே கிடைக்காது, நிதானமாகப் பார்ப்பதற்கு வழியே இல்லை. தங்கம் விலை ஒரே நாளில் இரண்டு முறைகூட மாறும். ஏறிக்கொண்டே போகிறது என்று தோன்றினால் முன்பணம் கட்டி அன்றைய விலையைப் பதிவு செய்துவைக்கப் பல கடைகளில் வசதி உண்டு.

"எத்தனை சவரன்?" என்று கேட்டால், "18 இன்ச்ல, 4 கிராம்லேர்ந்து 6 கிராம்குள்ள, தினமும் போடுற மாதிரி சாலிட் செயின் காட்டுங்க" என்று சொல்லுங்கள். அவர் எழுந்து சரியான தட்டை எடுத்துவருவார். பிடித்ததை வெல்வெட் மேல் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருவரைக் கழுத்தில் வைத்துக் காட்டச் சொல்லி, முடிந்தால் வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பிறகு கொக்கி. எஸ் கொக்கி பழைய பாணி. காலப்போக்கில் வாய் திறந்துகொள்ளும், அவ்வப்போது அழுத்திவிட வேண்டும். நண்டுக் கொடுக்கு மாதிரி மூடிக்கொள்ளும் லாப்ஸ்டர் கொக்கி பத்திரம். எதுவானாலும் நீங்களே ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். பிறகு கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், பார்க்காமல் மாட்ட முடிகிறதா என்று முயன்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று தினமும் அவர் செய்யப்போவது அதுதான். கொக்கி மாட்டும் கடைசி வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். செயின் தொலைவது பெரும்பாலும் நடுவில் அறுந்து அல்ல, அந்த வளையம் விரிந்துதான்.

அடுத்து ஹால்மார்க். 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக்கூடாது. நகையில் மூன்று இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. செயினில் இது கொக்கிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், லென்ஸ் கேளுங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் நகையின் வகை, தரம், ஹால்மார்க் போட்ட மையம் எல்லாம் வரும். உங்கள் கையில் இருப்பது செயின், செயலி மோதிரம் என்று காட்டுகிறது என்றால் அந்த நகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடலாம். செயினும் டாலரும் தனித்தனி நகை என்றால் இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கும். 2 கிராமுக்குக் குறைந்த டாலருக்கு விலக்கு உண்டு, எண் இல்லை என்று பதற வேண்டாம். "இது கேடிஎம் சார், சுத்தம்" என்று யாராவது இன்னும் சொன்னால் அது பற்றவைக்கும் பொடியைப் பற்றிய பழைய பேச்சு. தரச்சான்று ஹால்மார்க்தான்.

எடை போடும்போது விலைச்சீட்டையும் நூலையும் அவிழ்க்கச் சொல்லி, தராசு 0.000 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். சீட்டில் இருந்த எடையும் தராசில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹால்மார்க் போட்ட நகையில் தரம் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்க பிஐஎஸ் விதிகளில் இடமிருக்கிறது. கையில் பில் இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் மாட்டார்கள்.

இணையத்தில் வாங்குவதிலும் இதே கணக்குதான். ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள்: படத்தில் செயினோடு காட்டிவிட்டு விலையை டாலருக்கு மட்டும் போட்டிருப்பார்கள். "செயின் தனி" என்று கீழே பொடியாக எழுதியிருக்கும்.

ரகசியம் காப்பது

கூட்டுக் கணக்கிலிருந்து பணம் போனால் அவர் கைபேசியிலும் குறுஞ்செய்தி அடிக்கும். கடை வாசலைத் தாண்டுவதற்குள் "என்னங்க, எழுபதாயிரம் போயிருக்கு?" என்று அழைப்பு வரும். தனிக் கணக்கிலிருந்து கட்டுங்கள். கடையில் நிரப்பச் சொல்லும் படிவத்தில் உங்கள் எண்ணை மட்டும் கொடுங்கள்; திருமண நாள், வீட்டு எண் எல்லாம் எழுதிக்கொடுத்தால் நன்றி சொல்லும் அழைப்பு நேராக வீட்டுக்கே போகும். ஒளித்து வைக்க அரிசி டப்பா, பருப்பு டப்பா பக்கம் போகாதீர்கள், அது அவருடைய ராஜ்யம். அலுவலக மேசை அறையில் பூட்டி வைக்கலாம், இல்லாவிட்டால் மச்சினியிடமே கொடுத்துவைக்கலாம்.

கொடுத்த பிறகு

தங்கச் செயினுக்குப் பெரிய பராமரிப்பு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் மெல்லிய பிரஷால் தேய்த்தால் வியர்வை அழுக்கு போய்விடும். ஷாம்பூவும் சரி. பற்பசை வேண்டாம், கீறும். அரக்கு வைத்துக் கல் பதித்த அட்டிகை, கெம்பு நகைகளைத் தண்ணீரில் ஊறவே விடக்கூடாது. காய்ந்த துணியால் துடைத்தால் போதும். முத்து என்றால் வாசனைத் திரவியம் அடித்து முடித்த பிறகுதான் போட வேண்டும். பெட்டியில் வைக்கும்போது கொக்கியை மாட்டி, தனிப் பையில் வைத்தால் சிக்கு விழாது.

அவருக்குப் பிடிக்கவில்லை என்றால்? முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், "நல்லாருக்கு" என்று இழுப்பதிலும் தெரியும். இதற்காகத்தான் வாங்கும்போதே, "பரிசுக்கு வாங்குறேன், மாத்தணும்னா எத்தனை நாளுக்குள்ள? சேதாரம் பிடிப்பீங்களா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். சில நாட்களுக்குள், போடாத நகை என்றால், அப்படியே மாற்றிக்கொடுக்கிற கடைகள் உண்டு. தேதி தாண்டினால் பழைய தங்கமாகத்தான் எடுப்பார்கள். பெயர் பொறித்துவிட்டால் மாற்ற முடியாது, அதனால் பொறிப்பதை அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பில்லைப் படம் பிடித்து வைத்துவிட்டு, அந்தக் கடைசித் தேதியைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த முறை "எத்தனை சவரன்?" என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.